பேர் விழாத ஓடுகள்

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி, அடுப்படி மேசையில் கறுப்புத் தட்டை வைத்துக் கடற்கரை மணல் பிரித்துக்கொண்டிருந்தேன். கோத்தகிரியில் அந்த மாதம் மழையைவிட மூட்டம்தான் அதிகம். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஈரத் தூரிகை நுனியில் ஒரு நத்தை ஓடு ஒட்டியிருந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. அதை அவர் முன்னால் நீட்டி, "இதையும் சேர்த்தா எழுபத்தொண்ணு வகை ஆச்சும்மா" என்றேன். லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்து நன்றாகவே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எல்லாம் செத்ததுதானே பாப்பா. செத்ததை எண்ணி என்ன தெரியப்போவுது?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. தை மாதத்திலிருந்து வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, பாத்திரம் கழுவி, மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்தை இந்த மணலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தக் கேள்வி கூடவே இருந்தது.

மண்டபத்து மணல்

அப்பாவின் நினைவாகத் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிருந்தோம். திரும்பும்போது மண்டபத்தில் இறங்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். 1974இல், பதினாலு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்துவிட்டுத்தான் அவர் இந்த மலைக்கு வந்தார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதில் அம்மா வீட்டு ஆட்கள் ஆறு பேர். நீலகிரியில் இந்தக் கதை இல்லாத தோட்டத் தொழிலாளர் லயம் கிடையாது, அதனால் நீட்டவில்லை.

மண்டபத்தில் நிலம் ஒரு நாக்கு மாதிரி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். அம்மா தெற்குக் கரையில் போய் உட்கார்ந்தார். "அப்பவும் இப்படித்தான் மணலை அளைஞ்சுக்கிட்டே இருப்போம். என்னைக்கு ரயில்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, ஊதினார். நான் குனிந்து பார்த்தேன்.

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். பதினாறு வருஷமாக ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பு அறையில் இருக்கிறேன். காய்ந்த தூள் சல்லடை சல்லடையாக இறங்கி பிபி, பிஎஃப், டஸ்ட் என்று கிரேடு கிரேடாகப் பிரிகிற இடம். ஒரு பிடித் தூளை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினால் போதும். நார் எவ்வளவு, எந்த மெஷ் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணுக்கு அம்மாவின் கையில் இருந்தது மணலாகவே தெரியவில்லை, கலந்துபோன கிரேடாகத் தெரிந்தது. உடைந்த பவளத் துண்டு, சிப்பித் தூள், அதற்குள்ளே முழுசு முழுசாகச் சின்னச் சின்ன நத்தைக் கூடுகள். சங்கு மாதிரி ஒன்று, கோபுரம் மாதிரி ஒன்று, சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று. எல்லாமே ரவை அளவு.

கையிலிருந்த பையில் மூன்று டம்ளர் மணல் அள்ளிக்கொண்டு வந்தேன். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே கால் வைக்கவே அனுமதி வேண்டும். நான் அள்ளியது ஊர்ச்சனம் நடக்கிற கரையில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய கோட்டில். ஆனாலும் பெரிய தப்பு ஒன்று செய்தேன். தெற்குக் கரையில் இரண்டு டம்ளர், வடக்குக் கரையில் ஒரு டம்ளர், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து பிரித்த பிறகுதான் உறைத்தது. எந்த ஓடு எந்தக் கடலுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சலிப்பு அறையில் இரண்டு லாட்டை இப்படிக் கலந்திருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பையை அப்படியே வைத்திருக்கிறேன், கணக்கில் சேர்க்கவில்லை.

மே மாத லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இந்தத் தடவை ஆறு பை. இரண்டு கரையிலும் மேல் கோடு, நடு, தண்ணீர் ஓரம் என்று தலா மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு டம்ளர். சீட்டைப் பென்சிலில் எழுதிப் பைக்குள்ளேயே போட்டேன். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

தட்டும் தூரிகையும்

பிரிக்கிற முறை என் தொழிலிலிருந்து வந்ததுதான். மணலை நல்ல தண்ணீரில் அலசி, வெயில் அடிக்கிற நாளில் காயவைத்து, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட மெஷ் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சலிப்பேன். 16ஆம் நம்பரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே உள்ளது தங்கும். 30ஆம் நம்பரில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. அதற்கும் கீழே போவதை என் கண்ணால் பார்க்க முடியாது, விட்டுவிட்டேன். தலையில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பைக் காய்ந்த மணலுக்கு மேலே காட்டினால் தெர்மகோல் மணியும் பிளாஸ்டிக் தூளும் துள்ளி ஒட்டிக்கொள்ளும். தேயிலையிலிருந்து நார் பிரிக்கிற உருளையும் இதே வித்தையில்தான் ஓடுகிறது. அந்த ஆறு டம்ளரிலிருந்து சீப்பு எடுத்த குப்பை மட்டும் ஒரு தீப்பெட்டி நிறைய வந்தது.

அப்புறம் கறுப்புத் தட்டு, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், பூஜ்யம் நம்பர் தூரிகை. ஒரு டீஸ்பூன் மணலைப் பரப்பி, தூரிகையை நனைத்து, ஓட்டைத் தொட்டால் நுனியில் ஏறிக்கொள்ளும். இடுக்கியை எடுத்தால் நொறுங்கிவிடும். ஒரு டீஸ்பூனுக்கு ஒன்றரை மணி நேரம்.

ஆரம்பத்தில் சுருண்டிருந்ததையெல்லாம் நத்தை என்று எண்ணினேன். மகள்தான் செல்போனில் பெரிதாக்கிப் படமெடுத்து, இதற்கு வாயே இல்லையே என்று காட்டினாள். அவை ஃபொராமினிஃபெரா, ஒற்றைச் செல் உயிர்கள். நத்தைக்குக் கொஞ்சமும் உறவில்லாமல் அதே மாதிரி சுருண்ட கூடு கட்டுகின்றன. எழுபது எண்பதைத் திரும்ப வெளியே எடுத்தேன். அடுத்த சிக்கல் குஞ்சுகள். பெரிய நத்தையின் குஞ்சும் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். வளர்ந்தே இரண்டு மில்லிமீட்டரோடு நிற்கிற வகையும் உண்டு. வாய் ஓரம் தடித்து மடிந்திருந்தால் பல வகைகளில் வளர்ச்சி முடிந்தது என்று அர்த்தம். காகிதம் மாதிரி கூராக நின்றால் குஞ்சாக இருக்கலாம் என்று தனியே வைத்தேன்.

இந்தச் சின்னதுகளுக்குத் தமிழில் பேர் கிடையாது. சங்கு, சோழி, கிளிஞ்சல், மட்டி, ஊமச்சி என்று கைக்கு அகப்படுகிறதுக்கெல்லாம் கடற்கரை ஆட்கள் பேர் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு அகப்படாததற்கு யார் வைப்பார்கள்? நாங்களே வைத்துக்கொண்டோம். உடைந்த அரிசி மாதிரி வளைந்த குழாய்க்குக் "குருணை". சீக்கம் என்கிற இனம் அது. குஞ்சாக இருக்கும்போது மற்ற நத்தை மாதிரியே சுருண்டிருக்கும், வளர வளரச் சுருளை உதறிவிட்டு வெறும் குழாயாக நிற்கும், உதறின இடத்தை ஒரு மூடி போட்டு அடைத்துக்கொள்ளும். கண்ணாடி ஊசி மாதிரி வெள்ளையாகப் பளபளப்பது யூலிமிடே குடும்பம். அது கடல் அட்டை, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி இவற்றின் மேலேயே ஒட்டி வாழ்கிற நத்தை. பிரமிடெல்லிடே என்று இன்னொரு குடும்பம். அரைத்துத் தின்கிற நாக்கு இல்லாமல், மற்ற சிப்பி, புழுக்களைக் குத்தி உறிஞ்சி வாழ்வது. அதன் உச்சியை லென்ஸில் பார்த்தால், கோபுரம் ஒரு பக்கம் சுற்றியிருக்க, நுனியில் குஞ்சாக இருந்தபோது கட்டிய முதல் சுற்று மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு இடத்தில் அந்த உயிர் திசை மாற்றின தடம் அப்படியே நிற்கிறது. அதை முதல் தடவை பார்த்த ராத்திரி மகளை எழுப்பிக் காட்டினேன்.

நாற்பத்தாறு வலம்புரி

தெற்குக் கரைப் பைகளில் ஒரு வகை வந்துகொண்டே இருந்தது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், மெலிந்த கோபுரம், வரிசை வரிசையாகப் பாசிமணி கோத்த மாதிரி மேற்பரப்பு. தட்டில் மற்ற ஓடுகளோடு கிடக்கும்போது ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று தோன்றும், ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. ஒரு நாள் எல்லாவற்றையும் கூர் மேலே, வாய் என்னைப் பார்த்து இருக்கும்படி அடுக்கினேன். மற்ற எல்லாவற்றுக்கும் வாய் வலது பக்கம். இதற்கு மட்டும் இடது பக்கம்.

டிரைஃபோரிடே என்பது அதன் குடும்பம். கடற்பஞ்சைத் தின்று வாழ்பவை. நத்தை உலகத்தில் பெரும்பாலானவை வலப்பக்கம் திறக்க, இந்தக் குடும்பம் ஏறக்குறைய முழுசுமே இடப்பக்கம் திறக்கிறது. அறிவியலில் இதை இடச்சுருள் என்பார்கள். நம் வழக்கில் கணக்கு நேர் எதிர். நாம் சங்கைப் பிடிப்பது கூர் கீழே, நீர் வார்க்கிற மூக்கு மேலே. அப்படிப் பிடித்தால் சாதாரணச் சங்கின் வாய் இடப்பக்கம் வரும், அது இடம்புரி. லட்சத்தில் ஒன்று என்று தேடுகிற வலம்புரிதான் அறிவியலின் இடச்சுருள். ஆக, தட்டில் கிடந்த பாசிமணிக் கோபுரம் ஒவ்வொன்றும் வலம்புரி.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. சாமி அலமாரியிலிருந்த சங்கை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி திருப்பிக் காட்டினேன். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். "எத்தனை இருக்கு?" "நாற்பத்தாறு." சேலைத் தலைப்பால் தட்டின் ஓரத்தைத் துடைத்தார். "இது மேலயா நான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். வலம்புரி என்று சொல்லி வேறு கடலின் இடச்சுருள் சங்கை, அமெரிக்கப் பக்கத்து பியூசிகான் வகையை, ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறவர்கள் உண்டு. அதை வாங்கி ஏமாந்த குடும்பம் எங்கள் உறவிலேயே இருக்கிறது. அதனால் அம்மாவின் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

ஒற்றையாக வந்தவை

புரட்டாசியில் ஆறு பையும் முடிந்தன. முழு ஓடுகள் நாலாயிரத்துச் சொச்சம். வகை 83. இதில் 31 வகை ஒரே ஒரு ஓடாக வந்தவை, 14 வகை இரண்டிரண்டாக வந்தவை. கடைசிப் பையின் கடைசி டீஸ்பூனில்கூட, அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. இதுதான் என்னை அரித்தது. எண்ணி முடித்துவிட்டோம் என்று ஒரு கட்டத்தில் தெரிய வேண்டாமா? தேயிலையில் தெரியும். பத்து மூட்டைக்கு ஒரு கைப்பிடி பார்த்தால் லாட்டின் குணம் தெரிந்துவிடும்.

தைவானைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஆன் சாவோ 1984இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒற்றையாக வந்தவற்றின் எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, இரட்டையாக வந்தவற்றின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். 31ஐ 31ஆல் பெருக்கினால் 961. அதை 28ஆல் வகுத்தால் 34. அதாவது என் தட்டுக்கு வராமலேயே குறைந்தது 34 வகை அந்தக் கரையில் கிடக்கிறது. கண்ணில் படாததை, கண்ணில் ஒரே தடவை பட்டது காட்டிக்கொடுக்கிறது. கூட்டல் கழித்தலுக்கு மேலே கணக்குப் படிக்காத என்னால்கூட இதைப் போட்டுப் பார்க்க முடிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த நத்தை ஆய்வாளர் ஃபிலிப் பூஷேயும் அவர் குழுவும் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் கூமாக் பகுதியில் 42 இடங்களில், ஆள்கணக்கில் 400 நாள் உழைத்து நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் 2,738 வகை கண்டார்கள். 2002இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வகை ஒரே ஒரு உருப்படிதான் கிடைத்தது. வெப்பக் கடல்களின் குணமே இதுதான் என்று தெரிந்ததும் எனக்கு மனசு லேசானது.

அம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டார். ஒற்றையாக வந்தவற்றில் முக்கால்வாசிக்கு என்னால் குடும்பப் பேர்கூடச் சொல்ல முடியவில்லை, நோட்டில் நம்பர் மட்டும் இருந்தது. "இதுக்கெல்லாம் பேர் விழலையா?" என்று கேட்டார். இலங்கைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர் என்பார்கள். சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பேர் விழாத நாள், உழைத்திருந்தாலும் உழைக்காத நாள்தான். அம்மாவுக்குப் பேர் என்றால் அது.

புளிப்பு

ஓடுகளை வகைவாரியாகத் தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்து அடுக்கி, சில்வர் ஓக் பலகை அலமாரியில் வைத்திருந்தேன். புரட்டாசிக் கடைசியில் ஒரு பெட்டியைத் திறந்தால் ஓட்டின் மேல் மாவு தூவின மாதிரி வெள்ளை. துடைத்தால் போகிறது, கீழே ஓட்டின் பளபளப்பும் சேர்ந்து போகிறது. மூக்கில் லேசான காடி வாடை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினொரு பெட்டி. அதில் நான்கு, ஒற்றையாக வந்தவை. ஒன்று, தூரிகை பட்டதும் சாம்பல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதற்கு நான் படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை.

இதற்கு பைன் நோய் என்று பேர். 1899இல் பைன் என்பவர் எழுதினார், கிருமி என்று நினைத்தார். கிருமி கிடையாது. மரமும் அட்டையும் காற்றில் விடுகிற புளிப்பு ஆவி, ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பைத் தின்கிறது. உப்பு சரியாகப் போகாத ஓட்டில் இன்னும் வேகம். மூட்டம் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஊரில், மர அலமாரியில், தீப்பெட்டியில் வைத்தால் வேறென்ன ஆகும்? இப்போது எல்லாம் ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் இருக்கின்றன, தகர டப்பாவுக்குள்.

அன்றைக்கு நான் அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து பெட்டியை முகர்ந்து பார்த்தார். "சுண்ணாம்புக்குப் புளிப்பு ஆகாதே. இது தெரியாதா உனக்கு? கவாத்து வருஷம் தோட்டத்துக்கு டோலமைட் சுண்ணாம்பு எதுக்குப் போடுறோம்? மண்ணு அவ்வளவு புளிச்சுக் கெடக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அப்போ நம்ம மலையில நத்தை செத்தா ஓடு எங்க போவும்?" என்றார்.

தூளாகிப்போன ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அம்மா ஆடியில் கேட்ட கேள்விக்கு அவரே பாதிப் பதிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கடற்கரையில் செத்தது கிடக்கிறது. கிடப்பதால்தான் எண்ண முடிகிறது. அலை ஒதுக்கிய ஒரு டம்ளரில் போன மாதம் செத்ததும் இருக்கும், நூறு வருஷத்துக்கு முன்னால் செத்ததும் இருக்கும், பக்கத்துப் பவளப்பாறையில் இருந்ததும் கடற்புல் தரையில் இருந்ததும் இருக்கும். ஊசி வெள்ளை ஓடு கிடந்தால் அங்கே எங்கேயோ கடல் அட்டையோ நட்சத்திர மீனோ இருந்திருக்கிறது. பாசிமணி வலம்புரி கிடந்தால் கடற்பஞ்சு இருந்திருக்கிறது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் சூசன் கிட்வெல் 2007இல் இதையே பெரிய அளவில் செய்து காட்டினார். கடலடியில் உயிரோடு இருப்பவற்றின் பட்டியலையும் செத்த ஓடுகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மனிதர்கள் கலக்கிய இடங்களில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. பழைய செக்ரோல் கையில் இருந்தால்தானே யார் வரவில்லை என்று தெரியும். செத்ததை எண்ணினால் அது தெரியும் என்று அம்மாவிடம் சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர் கேட்டது இப்போது எங்கள் மலையைப் பற்றி.

மூன்று டம்ளர் மலை மண்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். சோலைக் காட்டுக்குள் போக நான் யாரிடமும் அனுமதி வாங்கியிருக்கவில்லை, அதனால் போகவில்லை. எங்கள் தேயிலைச் செடிகளுக்கடியில் ஒரு டம்ளர், ஓடை ஓரத்து விக்கி மரத்தின் கீழே மக்கின இலையில் ஒரு டம்ளர், அம்மன் கோயில் பின்னால் வெட்டாமல் விட்ட மரக்கூட்டத்தில் ஒரு டம்ளர். காயவைத்து, அதே மெஷ், அதே தட்டு, அதே தூரிகை.

தேயிலை மண்ணில் ஒன்றும் இல்லை. எங்கள் மண்ணுக்குப் பரிசோதனைச் சீட்டில் பிஎச் 4.4 என்று இருக்கிறது, நல்ல புளிப்பு. ஓடை ஓரத்தில் ஒரு உடைந்த துண்டு. கோயில் மரத்தடியில் நான்கு. அதில் இரண்டு, சாதாரண ஓடுகள், மெல்லிசு, கீழே வைத்த காகிதத்து எழுத்து தெரிகிற அளவு. மற்ற இரண்டும் ஓடே கிடையாது. சுருள் இருக்கிறது, வாய் இருக்கிறது, நிறம்கூட இருக்கிறது. தூரிகையால் தொட்டால் வளைகிறது. எடுத்துவிட்டால் மெதுவாகப் பழையபடி நிமிர்கிறது. ஓட்டுக்கு மேலே ஒரு தோல் உண்டு, வெங்காயச் சருகு மாதிரி. புளித்த மண் உள்ளேயிருந்த சுண்ணாம்பையெல்லாம் வாங்கிக்கொண்டு சருகை மட்டும் விட்டிருக்கிறது. இன்னும் ஒரு மழைக்காலம் போனால் அதுவும் இருக்காது. அந்தச் சருகை நான் வெகுநேரம் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 270 வகை நில நத்தைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. நீல்கிரிக்கா என்று எங்கள் மலையின் பேரையே தாங்கின, சில மில்லிமீட்டரே உள்ள நத்தை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இயற்கை ஆய்வாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் வைத்த பேர். அதே காலத்தில் மதராஸ் வனத்துறையில் இருந்த பெடோமும் இங்கே நத்தை பொறுக்கினார். அப்புறம் புல்வெளியும் சோலையும் போய்த் தேயிலை வந்தது, சீகை என்கிற வாட்டில் மரம் வந்தது, யூகலிப்டஸ் வந்தது. எங்கள் தோட்டம் இருக்கிற சரிவில் தேயிலைக்கு முன்னால் என்னென்ன ஊர்ந்துகொண்டிருந்தன என்று கேட்டால், மண்டபத்தில் மணலை அள்ளிப் பார்க்கிற மாதிரி இங்கே அள்ளிப் பார்க்க முடியாது. மண் எழுதி வைக்கவே இல்லை. இங்கே எண்ணுவதென்றால் உயிரோடு இருக்கும்போதே எண்ண வேண்டும், இருக்கிற மனிதர்கள்தான் எண்ண வேண்டும். இதை நான் இத்தனை வருஷம் இந்த மண்ணில் நடந்தும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது எனக்குப் பெரிய வலியாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோத்தகிரிக்கு இதுதான் முக்கிய மழை. ஒரு நாள் ராத்திரி ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது, தொழிற்சாலைக்குப் பின்னால் கூரை போன பழைய ஸ்டோரின் சுவரில் டார்ச் அடித்தேன். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர். காரை உதிர்ந்த இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக ஏதோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால் நத்தைகள். அரிசி அளவில் சில, மிளகு அளவில் சில. எல்லாம் உயிரோடு, வாயைக் காரையில் வைத்து அரம் போட்ட மாதிரி சுரண்டிக்கொண்டிருந்தன. சுரண்டின இடம் ஈரத்தில் வெள்ளையாக, கோடு கோடாகத் தெரிந்தது. மலை முழுக்கப் புளித்துக் கிடக்கையில் சுண்ணாம்பு எங்கே இருக்கிறதென்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் தொழிற்சாலைக் காவலாளியிடம் சொல்லிவிட்டு அம்மாவையும் மகளையும் கூட்டிப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் படமெடுத்தாள். அம்மா குடையை எனக்கும் நோட்டுக்கும் சேர்த்துப் பிடித்தார். எதையும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. மண்டபத்து நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, புதிதாக ஒரு கட்டம் போட்டு அதன் தலையில் "உயிர்" என்று எழுதினேன். தேதி, மணி, சுவரின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை சாண். முதல் வகை, மிளகு அளவு, வாய் வலது பக்கம், ஏழு. இரண்டாம் வகை, அரிசி அளவு, மூன்று.

"எழுதிட்டியா?" என்றார் அம்மா.

"எழுதிட்டேம்மா."

அவர் குனிந்து, சுவரின் அடியில் பாசி படர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் டார்ச்சைக் காட்டினார். "இரு, இங்க ஒண்ணு இருக்கு. இது வேற மாதிரி. இதையும் போடு."